சீனி வாசம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. ஓவன் பாக்க வந்தவங்கதானே? பத்து மணிக்கு வாரேன்னு சொல்லிட்டு பதினொண்ணு ஆக்கிட்டீங்க. பரவாயில்ல. இந்த அடைமழையில பாளையங்கோட்டைக்குள்ள வண்டி ஓட்டிட்டு வந்ததே பெருசு. மழைக்கோட்டைக் கழத்தி அந்த ஆணியில மாட்டுங்க. படியில வழுக்கலையே? கீழ் வீட்டு அம்மா பாசியைச் சுரண்டியே விடமாட்டா.

இந்தா இருக்கு பாருங்க ஓவன். சமையக்கட்டுல எடம் பத்தலைன்னு ஹால்லயே மேசை போட்டு வச்சிருக்கு. எட்டு வருசம் ஆச்சு. ஒரு நாள் என்னைக் கைவிட்டதில்ல. இந்த ஆகஸ்ட்ல இருந்துதான் என்னமோ பேய் பிடிச்ச மாதிரி ஆயிருச்சு. என்ன பண்ணுதுன்னா, கருகுது. வேற என்ன பண்ணும்? வைக்கதெல்லாம் கருகுது.

அது என்ன உள்ள வைக்கீங்க? சூடு காட்டுத மீட்டரா? நூத்தி எம்பதுல வச்சு இருவது நிமிசம் பாக்கணுமா? பாருங்க, நல்லாப் பாருங்க. எரநூத்தம்பது காட்டும், எழுதி வச்சுக்கிடுங்க. உள்ள ஏதோ ஒண்ணு போயிருக்கு. தெர்மோஸ்டாட்னு சொல்லுதாங்களே, அதுதான்.

பாத்துட்டு எனக்கு ஒரு சீட்டு எழுதித் தரணும் தம்பி. அது முக்கியம். எங்க வீட்ல அவங்க பரமக்குடியில பேங்க்ல இருக்காங்க, சனிக்கெழம சனிக்கெழம வருவாங்க. வந்ததும் மொதல்ல அந்தச் சீட்டைத்தான் கேப்பாங்க. ஓவன்ல பழுதுன்னு நீங்க எழுதிட்டா அன்னைக்கே புது ஓவன் வாங்கித் தாரதாச் சொல்லியிருக்காங்க. கிறிஸ்மஸுக்கு அறுவது கேக் ஆர்டர் இருக்கு. பழுது இல்லைன்னு எழுதிட்டா... அது எதுக்கு இப்ப, பழுது இல்லாம எப்படிக் கருகும்?

இருவது நிமிசமும் மீட்டரையே பாத்துட்டு இருப்பானேன், இந்தக் கேக்கைச் சாப்பிடுங்க. கருகின பக்கத்தை எல்லாம் சீவிட்டேன். சும்மா எடுங்க.

ஏன், ஒரு கடியோட வச்சுட்டீங்க? முட்டை ஏதோ மாதிரி இருக்கா? இருக்காதே. ஒவ்வொரு முட்டையா கிண்ணத்துல உடைச்சு மோந்து பாத்துட்டுத்தான் சேப்பேன். மொத மொத கேக் போட்ட நாள்ல இருந்து அதுதான் பழக்கம். நானே காலையில ரெண்டு துண்டு தின்னேன். எனக்கு ஒண்ணும் தெரியலையே. என்ன, எனக்கு இப்பல்லாம் எதுவுமே பெருசா ருசிக்கதில்ல. மனசு சரியில்லாட்டா நாக்கும் சரியா இருக்காது. சரி, வேண்டாம்னா வச்சிருங்க.

தம்பி, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. இந்தத் தெருவுல போய் பாக்கியசீலி கேக்குன்னு கேட்டுப் பாருங்க. எல்லாரும் மணி பாத்துக் கேக் எடுப்பாங்க, நான் மூக்கை வச்சு எடுப்பேன். ஆமா, மூக்கை வச்சுத்தான். மொதல்ல வெண்ணெ வாசம் வரும். அது வந்தா கேக் இன்னும் பச்சைன்னு அர்த்தம். அப்புறம் முட்டை வாசம். அது வந்தா நடு வேகுதுன்னு அர்த்தம். அதுக்கும் அப்புறம் சீனி வாசம் ஒண்ணு வரும், லேசா, கடலை மிட்டாய் பாகு வச்ச வீட்டைத் தாண்டிப் போறப்ப வருமே, அந்த மாதிரி. சீனி வாசம் வந்துட்டா அஞ்சு எண்ணுததுக்குள்ள வெளிய எடுத்துறணும். ஆறு எண்ணினா அடி செவந்துரும், பத்து எண்ணினா கருக்கல். எட்டு வருசத்துல நான் ஆறு எண்ணினது கெடையாது. பாக்கியசீலி மூக்குக்குத் தப்பி ஒரு கேக்கும் கருகாதுன்னு சர்ச்சுல பொம்பளைங்க சொல்லுவாங்க. டாக்டர் வீட்டம்மா ஒருத்தங்க, பெரிய பெரிய கடையில வாங்குதவங்க, ஆள் அனுப்பி என்ட்ட வாங்குவாங்க.

அப்படிப்பட்ட எனக்கு வந்த கேடு பாருங்க.

ஜூலையில ஒரு காய்ச்சல் வந்துச்சு. மூணு நாள். பெருசா ஒண்ணுமில்ல, மூக்கடைப்பு, தலைவலி. கஷாயம் குடிச்சேன், ஆவி பிடிச்சேன், சரியாப் போச்சு. அந்த ஒரு வாரம் ஆர்டர் எடுக்கல. அந்த ஒரு வாரத்துலதான் தம்பி யாரோ இந்த ஓவனை என்னமோ பண்ணியிருக்கணும். ஏன்னா எந்திரிச்சு வந்து வச்ச மொத கேக்கே போச்சு. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குப் பொறந்தநாள் கேக். நான் இங்கனதான், இதே ஸ்டூல்ல உக்காந்திருக்கேன். வெண்ணெ வாசம் வரட்டும் வரட்டும்னு உக்காந்திருக்கேன். வரவே இல்ல. வெண்ணெ வாசமே வரல, கேக் கரிக்கட்டை ஆயிருச்சு! உள்ள சூடு எந்த வேகத்துல ஏறியிருந்தா வாசம் வாரதுக்கு முந்தியே கருகும், நீங்களே சொல்லுங்க. நீங்க மெக்கானிக்தானே?

சொல்லுங்களேன். ஏன் என் மூஞ்சியவே பாக்கீங்க?

நான் சும்மா இருந்தேன்னு நெனக்காதீங்க. கருகாம இருக்க என்னென்ன வழி உண்டோ அம்புட்டும் பண்ணிட்டேன். நூத்தி எம்பதை நூத்தி அறுவது ஆக்கினேன். மேல் ராடை அணைச்சுட்டு கீழ் ராடு மட்டும் போட்டேன். தட்டை ஒரு படி எறக்கி வச்சேன். அடியில ரெண்டாவது தட்டு வச்சேன். தண்ணி ஒரு கிண்ணம் ஓரத்துல வச்சேன். டின்னைச் சுத்தி நியூஸ் பேப்பரை நாலா மடிச்சுக் கட்டினேன். எனக்குக் கட்டத் தெரியாதா, நான் சொல்லிக் குடுத்து நாலு பேர் இன்னைக்குக் கடை வச்சிருக்காங்க. ஒண்ணும் நடக்கல. கொஞ்சம் லேட்டாக் கருகுச்சு, அம்புட்டுதான். கண்ணாடி வழியாப் பாக்கலாம்னா கண்ணாடி பழுப்பேறிப் போய்க் கெடக்கு. புகை கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் எனக்குக் கருகினதே தெரியுது. முந்தியெல்லாம் புகைக்கு முந்தி ஒரு நாத்தம் வரும்லா? இப்ப அதுவும் இல்ல. நாத்தமே இல்லாமக் கருகுது. இது மனுச வேலை இல்லாம வேற என்ன?

மனுச வேலைன்னு ஏன் சொல்லுதேன்னா, அதுக்கு ஆள் இருந்துச்சு வீட்டுக்குள்ளயே.

என் நாத்தனார். ரெஞ்சிதம்னு பேர். எங்க வீட்ல அவங்களுக்கு ஒரே தங்கச்சி. மாப்பிள்ளை செத்துப் போய் ரெண்டு வருசமா எங்க கூடத்தான் இருந்தா. நான்தான் தம்பி கூட்டிட்டு வந்தேன், அவங்க கூட யோசிச்சாங்க. சோறு போட்டேன், சேலை எடுத்துக் குடுத்தேன், கேக்குக்கு முந்திரி நறுக்கச் சொல்லிக் குடுத்தேன். ஒரு குத்தம் சொல்லக் கூடாது, வேலை செய்வா. ஆனா கோடாலிக்கு மரம்தானே காம்பு.

கேளுங்க. ஒவ்வொரு தரம் கருகுதப்பவும் ஓவன் முன்னாடி நிக்கது யாரு? அவ. ஒரு தரம் ரெண்டு தரம் இல்ல, எல்லாத் தரமும். மொட்டை மாடியில துணி காயப்போடப் போனவ, அங்கன இருந்து, 'மைனி, கருகுது மைனி'ன்னு கத்திக்கிட்டே எறங்கி ஓடி வாரா. ஸ்டூல் போட்டு உக்காந்திருக்க எனக்குத் தெரியல, மாடியில நிக்க அவளுக்குத் தெரியுது! எப்படித் தெரியும்? திருக்கி விட்டவளுக்குத்தானே தெரியும். எப்ப கருகும்னு கணக்குப் பண்ணி வச்சிருந்தாத்தானே ஓடி வர முடியும்? வந்து கைத்துணி கூட எடுக்காம, சேலை முந்தியால பிடிச்சு வெளிய இழுப்பா. ரெண்டு தரம் கை வெந்துச்சு. எல்லாம் நடிப்பு. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடைன்னு சொல்லுவாங்கல்லா, அந்த ஜாதி.

ஏன் செய்தான்னா கேக்கீங்க? பொறாமைதான். அவளுக்குன்னு ஒரு வீடு இல்ல, எனக்கு இருக்கு. அவளுக்கு ஒரு பேர் இல்ல, எனக்கு இருக்கு.

செப்டம்பர்ல ஒரு டைமர் வாங்கிட்டு வந்தா. தக்காளி மாதிரி செவப்பா, திருக்கி வச்சா மணி அடிக்குமே, அது. 'மைனி, இதை வச்சுக்கிடுங்க, உங்களுக்கு லேசா இருக்கும்'னா. எனக்கு! மணி அடிச்சு எடுக்க நான் என்ன பள்ளிக்கூடமா நடத்துதேன்? தூக்கிக் குப்பையில போட்டேன். அவ மறுபடியும் எடுத்துட்டு வந்து தலையணைக்கடியில வச்சுக்கிட்டா, எனக்குத் தெரியாதுன்னு. நான் கேக் வச்சா அவ அங்கன உள்ள திருக்கி வைப்பா. மணி அடிச்சதும் ஒண்ணும் தெரியாதவ மாதிரி இந்தப் பக்கம் வருவா. 'மைனி, பாத்தீங்களா, வெந்துருச்சான்னு?' அந்த மாசம் பத்துக் கேக் கருகாம வந்துச்சு, அது வேற விசயம்.

இன்னும் பத்து நிமிசமா? நூத்தி எழுவது காட்டுதா? ஏறும் பாருங்க, ஏறும். இருங்க, பாலை வைச்சுட்டு வாரேன். டீ குடிக்காம ஒருத்தரையும் இந்த வீட்ல இருந்து அனுப்பினதில்ல.

உக்காந்திருங்க, பேசிக்கிட்டே வைக்கேன், காது கேக்குதுல்லா? இந்த கேஸ் டியூப்ல கூட அவ வேலையைக் காட்டினா. 'மைனி, டியூப்ல லேசா கேஸ் வாசம் வருது'ன்னு ஆரம்பிச்சா அக்டோபர்ல. நான் மோந்து பாத்தேன், ஒண்ணும் இல்ல. சும்மா இருந்த அண்ணனுக்குப் போன் போட்டு, கடைக்குப் போய் ஒரு ஆரஞ்சு டியூப் வாங்கிட்டு வந்து அவளே மாட்டினா. என் வீட்டு அடுப்புக்கு அவ டியூப். அவ போன அன்னைக்கே கழத்திட்டேன். அவ வாங்கின எதுவும் இங்க இருக்கக் கூடாதுன்னு கத்திரிக்கோலால நாலு துண்டா நறுக்கி எறிஞ்சேன். பழைய டியூப்பையே மாட்டிட்டேன், கல்யாணத்தப்ப வாங்கினது, இன்னும் கெட்டியா நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வெடிச்ச மாதிரி கோடு கோடா இருக்கும், வயசானா யாருக்குத்தான் கோடு விழாது?

சே, இந்த லைட்டர் டக்கு டக்குங்குது, பொறி வரல. தீப்பெட்டி பூரா நமுத்துப் போச்சு, நாலு குச்சியும் தலை உருண்டு போச்சு. ஒரு வாரமா வெயிலே காணோமே. உங்ககிட்ட தீப்பெட்டி இருக்கா தம்பி? பீடி சிகரெட் கெடையாதா? நல்ல பிள்ளை. இருங்க, ஜெப அலமாரியில மெழுகுவத்திக்கு ஒண்ணு வச்சிருப்பேன். இங்கனதான் ஹால்ல இருக்கு. பாட்டுப் புஸ்தகத்துக்குப் பின்னாலயோ, என்னமோ.

தேடிக்கிட்டே சொல்லுதேன். அவளை ஏன் அனுப்பினேன்னா, கேக்குக்காக மட்டும் இல்ல. ஒரு வார்த்தை சொல்லிட்டா. போன ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு வந்து சாப்பிட உக்காந்திருக்கோம். எங்க வீட்ல அவங்க இருக்காங்க. அவங்க தட்டுல நான் மீன் கொழம்பு ஊத்துதேன். அவங்க ஒரு வாய் வச்சுட்டு தட்டை நகத்திட்டாங்க. அப்ப சொன்னா பாருங்க ஒரு வார்த்தை, என்னைப் பத்தி, என் முன்னாலயே. அந்த வார்த்தையை நான் என் வாயால சொல்ல மாட்டேன். எந்தப் பொம்பளையும் இன்னொரு பொம்பளையைப் பாத்துச் சொல்லக் கூடாத வார்த்தை. கெட்ட வார்த்தைன்னு நெனக்காதீங்க, கெட்ட வார்த்தையா இருந்தாக் கூடத் தாங்கியிருப்பேன்.

அவங்க சிரிப்பாங்கன்னு பாத்தேன். சிரிக்கல. என்னையவே பாத்தாங்க. இப்ப நீங்க பாத்தீங்களே, அதே மாதிரி. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். திங்கக்கெழம சாயங்காலம் பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டா. சாத்தூர்ல ஒரு ரூம் இருக்காம். வாசல் கேட்டுப் பக்கத்துல மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னு என்ன சொல்லிட்டுப் போனா தெரியுமா? 'மைனி, ராத்திரி சிலிண்டரை அடைச்சுட்டுப் படுங்க. காலையில சன்னலைத் தொறந்துட்டு அடுப்பைப் பத்த வைங்க.' எம்புட்டு நெஞ்சழுத்தம் பாருங்க! வீடு பத்தி எரியட்டும்னு சாபம் போட முடியாது, வேதக்காரியாச்சே, அதான் சுத்தி வளைச்சுச் சொல்லுதா. அதுல இருந்து வைராக்கியமா நான் சன்னலைத் தொறக்கதே இல்ல. சிலிண்டரை அடைக்கதும் இல்ல.

ஆங், இந்தா இருக்கு தீப்பெட்டி. காய்ஞ்சுதான் இருக்கு. பால் அங்கன காத்துக்கிட்டு நிக்கும்.

என்ன தம்பி? ஏன் எந்திரிக்கீங்க? என்ன வாசம்? ஒரு வாசமும் இல்லையே. ஏன் கத்துதீங்க? பத்த வைக்காதேன்னா? நான் எங்க பத்த வச்சேன், கையிலதானே வச்சிருக்கேன்! ஏய், சன்னலைத் தொறக்காதீங்க, சாரல் அடிச்சு மைதா நனையும். சமையக்கட்டுக்குள்ள கேக்காமப் போறீங்களே, அன்னிய ஆம்பளை! சரி, சுவிட்ச் எதையும் தொடல. தொடலைங்கேன்ல! ஓவனும் அப்படியே இருக்கட்டும், சரி. வாசக்கதவையும் தொறக்கணுமா? என்ன தம்பி இது, இப்படி மெரட்டுதீங்க? பர்னரைத் தொறந்து வச்சிருந்தேனா? பால் வைக்கப் போனேன்லா, லைட்டர் பத்தல, அப்படியே தீப்பெட்டி தேட வந்துட்டேன். எல்லாருக்கும் வார மறதிதான்.

டியூப்புமா? டியூப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சோப்புத் தண்ணி எதுக்கு? அந்த டப்பாவுல இருக்கு, எடுத்துக்கிடுங்க.

...

ஆமா. நுரை வருது.

அந்தக் கோட்டுலயும் வருது. அங்கனயும். ஆமா தம்பி, பாக்கேன், கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு. கொப்புளம் கொப்புளமாப் பொங்குது. அடைச்சிருங்க. ரெகுலேட்டரை அடைச்சிருங்க.

உங்க கண்ணுல தண்ணி வருதே. அம்புட்டு நாத்தமா அடிக்கு?

நான் உக்காந்துக்கிடுதேன். ஒண்ணுமில்ல. இல்ல, எனக்குத் தெரிஞ்சுச்சு தம்பி, லேசா ஒரு வாசம் தெரிஞ்சுச்சு, நீங்க இருக்கீங்களேன்னு சொல்லல. மழைக்கு எல்லா வாசமும் மந்தமாத்தானே இருக்கும். ஏன் தலையை ஆட்டுதீங்க? என்னைச் சோதிக்கப் போறீங்களா? சோதிங்க. கண்ணை மூடணுமா? மூடிட்டேன். எட்டு வருசம் இந்த மூக்கை வச்சுச் சம்பாதிச்சவ நான். எது வேணும்னாலும் கொண்டாங்க.

ம். கொண்டாங்க கிட்ட. இன்னும் கிட்ட.

வெனிலா. இது கூடவா தெரியாது? வெனிலா எசன்ஸு. அலமாரியில ரெண்டாவது தட்டுல இருந்து எடுத்திருப்பீங்க, சின்னப் பாட்டிலு, மூடி கொஞ்சம் லூசா இருக்கும். வாசம் கம்முன்னு அடிக்கே.

தொறக்கலாமா?

இது பினாயில்.

நீங்க மாத்திட்டீங்க. மொதல்ல வெனிலாவைக் காட்டிட்டு அப்புறம் மாத்திட்டீங்க. மாத்தலையா? சத்தியமா மாத்தலையா?

தம்பி, அவ என்ன சொன்னா தெரியுமா? ரெஞ்சிதம். அந்த ஞாயித்துக்கெழம. 'அண்ணே, கொழம்பு கெட்டுப் போயிருக்குண்ணே. மைனிக்கு வாசமே தெரியலைன்னு நெனக்கேன். காய்ச்சல்ல இருந்தே தெரியலை. பாவம்ணே, யார்ட்டயும் சொல்லாம இருக்காங்க.' அதான் தம்பி அந்த வார்த்தை. பாவம்னு சொன்னா என்னை. என் வீட்ல சோறு தின்னுக்கிட்டு என்னையப் பாத்துப் பாவம்னு சொன்னா.

எனக்குத் தெரியாதுன்னா நெனக்கீங்க? ஆகஸ்ட்ல ஒரு நாள் அவங்க சட்டையை மோந்து பாத்தேன். பரமக்குடிக்குக் கெளம்பிப் போனப்புறம் கொடியில கெடந்த சட்டை. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவங்க போனதும் அப்படி மோந்து பாக்கது எனக்கு ஒரு பழக்கம், சிரிக்காதீங்க. ஒண்ணுமே இல்ல தம்பி. கடையில தொங்குத சட்டை மாதிரி இருந்துச்சு. பயந்துட்டேன். அன்னைக்கு அழுத மாதிரி நான் எங்கப்பா செத்தன்னைக்குக் கூட அழுததில்ல. அதுக்கப்புறம் நான் அதை நெனக்கதே இல்ல. ஓவன்தான்னு முடிவு பண்ணிட்டேன்.

வேண்டாம். போன் பண்ணாதீங்க. அவங்களுக்குப் பண்ணாதீங்க. அவங்க என்ன சொல்லியிருக்காங்கன்னா, ஓவன் நல்லா இருக்குன்னு சீட்டு வந்தா கேக் வேலையை விட்டுறணும், டாக்டர்ட்டப் போகணும், ரெஞ்சிதத்தைத் திருப்பிக் கூட்டிட்டு வந்து சமையக்கட்டை அவ கையில குடுத்துறணும். நான் அவ கையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அவ வந்து சொல்லுவா, மைனி பால் கெட்டுருச்சு, மைனி சோறு தீயுது, மைனி உங்க சேலை நாறுதுன்னு. நான் சரின்னு கேக்கணும். அதுக்கு நான் செத்தே போகலாம்.

மீட்டர் என்ன காட்டுது? நூத்தி எம்பத்திரெண்டா? சரியாத்தான் இருக்கா?

சரி. நான் ஒண்ணு சொல்லுதேன், கேளுங்க. தீப்பெட்டியைக் குடுன்னு கையை நீட்டிக்கிட்டு நிக்கீங்கல்லா? குடுக்கேன். டியூப்பையும் வெட்டி எடுத்துட்டுப் போங்க. நான் மறிக்கல. நீங்க அந்தச் சீட்டுல ஓவன் பழுதுன்னு எழுதிக் குடுங்க. தெர்மோஸ்டாட் போச்சுன்னு ஒரு வரி. ஒரே ஒரு வரி. எழுத மாட்டீங்களா? அப்ப நான் குடுக்க மாட்டேன். இல்ல, கிட்ட வராதீங்க, குச்சியை உரசிருவேன். கேஸ் இன்னும் வீட்டை விட்டுப் போகலைன்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்குத் தெரியுமா அது போச்சா இருக்கான்னு?

எழுதுங்க. ஆமா, அப்படியே. தேதி போடுங்க. கையெழுத்து போடுங்க. கொண்டாங்க. இந்தாங்க தீப்பெட்டி, பிடிங்க.

'தெர்மோஸ்டாட் பழுது. ஓவனை மாற்ற வேண்டும்.'

நல்ல கையெழுத்து உங்களுக்கு. ஸ்டாம்ப் கூட இருக்கு. ஜெப அலமாரியில வேதப்புஸ்தகத்துக்குள்ள வச்சுடுதேன், சனிக்கெழம வந்ததும் எடுத்துக் குடுக்க வசதியா இருக்கும்.

பாத்தீங்களா தம்பி? நான் வந்ததுமே சொன்னேன்லா? தெர்மோஸ்டாட்தான். எரநூத்தம்பது காட்டும்னு சொன்னேன்லா? ஓவன்ல பழுதை வச்சுக்கிட்டு நாலு மாசமா நான் என்னைய நொந்துக்கிட்டு இருந்திருக்கேன். அந்தக் கழுதை வேற என் மேல பழியைப் போட்டு... சரி விடுங்க. புது ஓவன் வந்துட்டா எல்லாம் சரியாயிரும். அறுவது கேக்கும் பொன்னாட்டம் வரும். வெண்ணெ வாசம், முட்டை வாசம், சீனி வாசம், எல்லாம் வரிசையா வரும் பாருங்க. கிறிஸ்மஸுக்கு உங்களுக்கு ஒரு கேக் எடுத்து வைப்பேன், கட்டாயம் வரணும்.

பையை எடுத்துட்டீங்களா? என்ன தம்பி, படியில நின்னுக்கிட்டே போனை நோண்டுதீங்க? யாருக்கு? உங்க கடைக்கா? சரி சரி. அந்த டியூப்பை எடுத்துட்டுப் போறீங்களே, போகட்டும், பரண்ல இன்னொண்ணு கெடக்கு. ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினது, அது பிரிக்காமலே இருக்கு. அதை மாட்டிக்கிடுதேன்.

கடைசியில டீ குடிக்காமலே போறீங்க, பாருங்க, எனக்கு அதுதான் மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு. எனக்கும் ஒரு வாய் குடிச்சாத்தான் தலை நிக்கும். தம்பி! போற வழியில கீழ் வீட்டு அம்மாட்ட ஒரு தீப்பெட்டி கேட்டு மேல குடுத்து விடச் சொல்லுங்க. நான் அதுக்குள்ள இந்தச் சன்னலை எல்லாம் சாத்திடுதேன்.